குடிநேரம்: பன்னிரண்டாம் பதிப்பு

மணி எட்டாகப் போகிறது, திருச்சியில் இன்னும் சூரியன் உதிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடம் பதினொன்றுக்கு, மதியச் சாப்பாடு மூன்றுக்கு, சாயங்காலக் காபி ஆறுக்கு என்று தமிழ்நாடு நன்றாகப் பழகிவிட்டது. பழகிவிட்டால் சூரியன்தான் சோம்பேறி என்று தோன்றும்.

குடிநேர வாரியத்தின் தலைமைத் தேவைப் பொறியாளர் அமிர்தகௌரிக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைப் பகல் ஒரு மணிக்குத் தேவைப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் இந்த மாநிலத்துக்கு எப்படிப்பட்ட கடிகாரம் வேண்டும் என்பதை அவள் ஒரே வரியில் எழுதி, அந்த வரிக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் பிடித்துக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் குடிநேரம் என்ற ஒன்றே நாளையோடு முடிந்துவிடும்.

உலகத்தில் அப்போது இரண்டு நேரங்கள் இருந்தன. ஒன்று மூலநேரம், அது இயந்திரங்களுக்கு. பூமி முழுவதற்கும் ஒரே எண். சூரியன் எங்கே நிற்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை, யாரிடமும் எதையும் கேட்பதுமில்லை. இன்னொன்று குடிநேரம், அது மனிதர்களுக்கு. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் மந்திரிகளைக் கேட்டு வைத்துக்கொண்டன. தமிழ்நாடு அமைப்புப் பொறியியல்படி செய்தது. ஆற்றுக்குப் பாலம் கட்டும் முன் யார் யார் அதில் போவார்கள், எதை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று கேட்பதில்லையா? அதேபோலக் கடிகாரத்துக்கும் கேட்டார்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் உரியவர், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனை. உரியவர் இல்லாத தேவையை அடித்துவிட வேண்டும். மிச்சமிருப்பதை எல்லாம் தேவைத்தராசு என்ற இயந்திரம் நிறுத்துப் பார்த்து மாநிலத்தின் நேரத்தைச் சொல்லும். மூன்று வருடத்துக்கு ஒரு பதிப்பு.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, முதல் கணக்கெடுப்பில் அந்த ஒரு வரி வரும்வரை. ஜனங்கள் வாயால் சொல்வதை மட்டும் எழுதாதே, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுது என்பது வாரியத்தின் விதி. கண்ணில் பட்டதைப் பதியாமல் விட்டால் வேலையே போய்விடும். பொறியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். முக்கால்வாசி வீடுகளில் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விடாமல் இருக்க, பிள்ளைகளை விரட்ட, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர, நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். பொறியாளர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதனாலேயே ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘பயனர் தேவை 1: கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓட வேண்டும்’ என்று எழுதினார்கள். மாநிலத்தின் நேரமே பத்து நிமிடம் முன்னால் நகர்ந்தது. அடுத்த வாரமே ஜனங்கள் அந்தப் புது நேரத்துக்கு மேல் இன்னொரு பத்து நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து மறுபடி கணக்கெடுப்பு, மறுபடி பத்து நிமிடம். இப்படியே பதினோரு பதிப்பில் ஒரு மணி ஐம்பது நிமிடம் போயிற்று.

வாரியத்தின் சாசனத்தில் ஒரு வரம்பு உண்டு. சூரியனை விட்டு இரண்டு மணி நேரம் விலகிவிட்டால் குடிநேரத்தைக் கலைத்துவிட்டு மூலநேரத்தோடு சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்தால் திருச்சியில் உச்சிவெயில் அடிக்கும்போது கடிகாரம் ஆறரை காட்டும். அதையும் பழகிக்கொள்வார்கள் என்பது அமிர்தகௌரிக்குத் தெரியும். ஆனால் நேரத்தைப் பற்றி ஒரு மனிதரை இனி யாரும் கேட்க மாட்டார்கள். இருபது வருடமாகக் கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பன்னிரண்டாம் பதிப்புக்கு அவள் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். பத்து நிமிடம் வேகம் என்று தெரிந்தால்தானே ஜனங்கள் அதைக் கழித்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புகிறார்கள்? தெரியாமலே போகட்டும். மாநிலத்தில் மணிக்கட்டில் கட்டும் எல்லாக் கைமணிகளும் சுவர்க் கடிகாரங்களும் தினமும் ஏதோ சில நிமிடம் முன்னால் ஓடும். எத்தனை நிமிடம் என்பது பூஜ்யத்திலிருந்து பதினைந்துக்குள் எதுவாகவும் இருக்கலாம். ஒருவருடையது போல் இன்னொருவருடையது இருக்காது, இன்றையது போல் நாளை இருக்காது. இதற்கு அவள் மறைநிமிடம் என்று பெயர் வைத்தாள். சரியான நேரம் இயந்திரங்களுக்குள் பூட்டப்பட்டது. சோதனை முடியும்வரை அமிர்தகௌரிக்கும் அது தெரியாது. வெயில் இருக்கும்போது ஏழு மணியைப் பதினொன்று என்று யாரும் ஏமாற மாட்டார்கள், ஆனால் கால் மணிக்குள் துல்லியமாகச் சொல்ல வெயிலால் ஆகாது.

நான்கு மாதம் அமர்க்களமாக நடந்தது. தன் கடிகாரம் இன்று சரியாகவே ஓடலாம் என்ற பயத்தில் ஜனங்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கியது. ஐந்தாம் மாதம் உறையூரில் ஒரு தெரு பழையபடி கடைசி நிமிடத்தில் கிளம்பத் தொடங்கியது. பிறகு பக்கத்துத் தெரு. ஆறு வாரத்தில் எழுநூறு தெரு.

அன்று காலை தலைவர் வைகுந்தநாதன் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எதையும் நிதானமாகச் செய்பவர்.

“உன் மறைநிமிஷம் அம்பலத்துக்கு வந்துட்டாப்ல இருக்கேம்மா. சோதனை தோத்துப்போச்சுன்னா தராசு பழைய ‘பயனர் தேவை ஒண்ணை’யே எடுத்துக்கும். இன்னொரு பத்து நிமிஷம். ரெண்டு மணி ஆயிடும். அப்புறம் நீயும் நானும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.”

“நாளைக்கு ஒரு மணி வரைக்கும் பதிவேடு திறந்துதானே சார் இருக்கு? தப்பு எந்தத் தெருவுல ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

“கேட்டா சொல்லிடுவாங்களா?”

“முப்பத்து மூணு வருஷமா ஏன்னு நாம கேக்கவேயில்லையே சார், பாத்துட்டுப் பாத்துட்டுத்தானே வந்தோம்.”

அந்தத் தெருவின் முனையில் ஒரு மாவுக் கடை இருந்தது. இட்லி மாவு, அடை மாவு, ஒரு கிரைண்டர், ஒரு தராசு. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் ‘இப்ப மணி’ என்று எழுதி, கீழே ஒரு எண். பலகைக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு முந்தைய அலாரம் கடிகாரம் ஒன்று எந்த இணைப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாவு வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் கைமணியில் என்ன காட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். கடைக்காரி தனபாக்கியம், ஐம்பது வயதிருக்கும், ஒரு கையால் மாவை அள்ளிக்கொண்டே இன்னொரு கையால் நோட்டில் கோடு போட்டாள்.

மறைநிமிடம் செத்தது இங்கேதான் என்று அமிர்தகௌரிக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த நொடியே, சத்தியமாக, சந்தோஷமாகவும் இருந்தது. இருநூறு பொய்க் கடிகாரங்களைக் கூட்டி வகுத்து ஒரு நல்ல கடிகாரம் செய்திருக்கிறாள் இந்த மனுஷி. மூலநேரத்தையே உலகம் பூராவும் உள்ள அணுக்கடிகாரங்களைக் கூட்டி வகுத்துத்தான் செய்கிறார்கள். அமிர்தகௌரி பையிலிருந்த பூட்டிய சோதனைக் கருவியைப் பலகைக்கு நேராகக் காட்டினாள். அது நேரத்தைச் சொல்லாது. பலகை எழுதும் நேரம் நாளுக்கு நாள் அலைகிறதா, நிலையாக நிற்கிறதா என்பதை மட்டும் சொல்லும். தனபாக்கியத்தின் நோட்டில் இருந்த பதினோரு நாள் எண்களையும் காட்டினாள். அரை நிமிடத்துக்கு மேல் அலையவில்லை.

“இதை எதுக்குக்கா பண்ணீங்க?”

“நீங்க வாரியத்துக்காரங்களா மேடம்? உங்க ஆளுங்களால வந்த வினைதான். மாவு எத்தனை மணிக்கு ஆட்டினதுன்னு கேப்பாங்க. ஏழரைன்னு சொன்னா, ‘என் கையில இப்பத்தான் ஏழு இருபது, ஏழரைக்கு எப்படி ஆட்டுவே, நேத்து மாவைத் தலையில கட்டறியா’ன்னு சண்டைக்கு வந்தாங்க. மாவு புளிச்சுதா புளிக்கலையான்னு நான் மணியை வெச்சுத்தானே சொல்ல முடியும்? அதான் எல்லாரையும் கேட்டுக் கூட்டிப் பாத்தேன். இந்தத் தெருவுல வேகமா ஓடறதுக்கும் மெதுவா ஓடறதுக்கும் கால் மணிதான் வித்தியாசம். அதுல பாதியைக் கழிச்சேன். சரியா வந்துடுச்சு. பக்கத்துத் தெருக்காரங்களும் பாத்துட்டுப் போய் ஆளுக்கொரு பலகை மாட்டிட்டாங்க.”

“அதெல்லாம் சரி. முந்தி நீங்களும் பத்து நிமிஷம் தள்ளித்தானே வெச்சிருந்தீங்க? பொய்தானே அதுவும்?”

தனபாக்கியம் அவளைப் பாவம் என்பதுபோல் பார்த்தாள்.

“எவ்வளவு பொய்னு தெரிஞ்சிருந்தாத்தானே மேடம் அதை நம்ப முடியும்?”

அமிர்தகௌரி கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு பதிப்பு, எத்தனை ஆயிரம் வீடு, எத்தனை அறிக்கை! ஜனங்களுக்கு வேகமான கடிகாரம் தேவைப்படவே இல்லை. சரியான நேரம் ஒன்று ஊருக்குப் பொதுவாக வேண்டும், அதிலிருந்து தாங்கள் எத்தனை நிமிடம் விலகியிருக்கிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் அவரவர் தனக்காக ஒளித்து வைத்துக்கொண்ட கைச்சேமிப்பு. அதைப் போய் வாரியம் எடுத்துப் பொதுச்சொத்தாக்கிவிட்டது. பிறகு அவளே வந்து, அந்த எண்ணைத் தெரியவிடாமல் செய்து, சேமிப்பையே பிடுங்கிக்கொண்டாள்.

“அக்கா, நாளைக்கு வாரியத்துக்கு வந்து இதையே சொல்லி ஒரு கைநாட்டு வைக்கணும். வருவீங்களா?”

“காலை வியாபாரம் முடிச்சுட்டு வர்றேன். பஸ்ஸை மட்டும் நல்ல நேரத்துக்கு விடச் சொல்லுங்க.”

மறுநாள் வாரியக் கூடத்தில் உறுப்பினர்களும் பார்வையாளர்களுமாக அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். தேவைத்தராசின் குரல் கூரையிலிருந்து வந்தது. தனபாக்கியம் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தபோது, உறுப்பினர் ரொசாரியோ எழுந்து நின்று கைமணியைத் தட்டிக்காட்டினார்.

“ஒண்ணு நாலு ஆச்சு. பதிவேடு முடிஞ்சுபோச்சு.”

“என் கையில பன்னெண்டு அம்பத்து நாலு சார்,” என்றாள் அமிர்தகௌரி.

“எனக்கு ஒண்ணு ஒண்ணு காட்டுதே,” என்றார் தலைவர் குழப்பத்தோடு.

கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஒருவர் கையில் இருந்தது இன்னொருவர் கையில் இல்லை. பதிவேடு மூடும் நொடியை இயந்திரம் காட்டிவிட்டால் பூட்டிய நேரம் வெளியாகிவிடும் என்பதற்காக, மூடும் பொறுப்பைத் தலைவர் கயிறு இழுத்து அடிக்கும் மணியிடம் கொடுத்திருந்தார்கள். அந்த யோசனையைக் கொடுத்தவளும் அமிர்தகௌரிதான். தலைவர் மணிக்கயிற்றைக் கையில் எடுத்தார், விட்டார், மறுபடி எடுத்தார்.

“தராசு, இப்போது நேரம் என்ன?” என்று கேட்டார்.

“சோதனைக் காலத்தில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை,” என்றது தராசு பணிவாக.

“சட்டம் சட்டம்தான். பாதிப் பேர் கையில ஒண்ணைத் தாண்டிடுச்சு. மணியை அடிங்க,” என்றார் ரொசாரியோ.

தனபாக்கியம் பையைக் கீழே வைத்தாள். “கொஞ்சம் இருங்க சார். நான் கை தட்டும்போது எல்லாரும் அவங்கவங்க கைமணியைப் பாத்து மனசுல வெச்சுக்குங்க. ஒரு மணிக்கு முன்னால எத்தனை நிமிஷம், பின்னால எத்தனை நிமிஷம், அதை மட்டும் வரிசையாச் சொல்லிட்டு வாங்க. கதை பேசாதீங்க.”

படீரென்று கை தட்டினாள். அவளுடைய கடைக்கு வந்த சில்லறை வாடிக்கையாளர்களைப் போல மாநிலத்தின் நேர நிபுணர்கள் வரிசையாகச் சொன்னார்கள். முன்னால ஆறு. பின்னால மூணு. முன்னால ஒம்பது. ரொசாரியோவும் முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். அவள் உதட்டை அசைத்தபடி கூட்டினாள், வகுத்தாள், கால் மணியில் பாதியைக் கழித்தாள், எண்ணுவதற்கு ஆன நிமிடங்களைச் சேர்த்தாள்.

“பன்னெண்டு அம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

அதை மறுத்துச் சொல்ல அந்தக் கூடத்தில் யாரிடமும் வேறு எண் இல்லை. அமிர்தகௌரி வரியை உரக்கப் படித்தாள்: ‘குடிநேரக் கடிகாரம் எவ்வளவு தவறு என்பது குடிமக்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.’ தனபாக்கியம் கட்டைவிரலை அழுத்தினாள்.

“உரியவர் பதிவானார்,” என்றது தராசு. “‘பயனர் தேவை 1’ இதனோடு முரண்படுகிறது. இந்தப் பதிப்புக்கான பத்து நிமிட முன்னேற்றம் நீக்கத்துக்கு உரியது. ஆனால் புதிய தேவைக்குச் சோதனை எழுதப்படவில்லை. சோதனை இல்லாத தேவை செல்லாது.”

அமிர்தகௌரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பால பாடம், அவசரத்தில் அவளே விட்டுவிட்டாள். எழுதுகோலை எடுத்தாள். ஒன்று எழுதினாள், அடித்தாள். ஒரு கடிகாரம் சரியா என்று சோதிக்கலாம். எவ்வளவு தவறு என்று ஊருக்குத் தெரியுமா என்பதை எப்படிச் சோதிப்பது?

“ரெண்டு நிமிஷம் ஆச்சு,” என்றார் ரொசாரியோ. தலைவர் வருத்தத்தோடு மணியின் கயிற்றைப் பிடித்தார்.

“அடிச்சுடாதீங்க சார்!” என்றாள் தனபாக்கியம். “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

“இப்பத்தானேம்மா ரெண்டு நிமிஷம்னே?”

“நான் எப்பவும் அஞ்சு சேத்துத்தான் சார் சொல்லுவேன். பலகையில எழுதறதும் அப்படித்தான். தெரு முழுக்க எல்லாருக்கும் தெரியும்.”

 பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ரொசாரியோவுக்கு மட்டும் கோபம் வந்தது.

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“சொல்லியிருந்தா இந்த மேடம் இவ்வளவு வெரசா அந்த ஒரு வரியைப் படிச்சிருப்பாங்களா?”

அமிர்தகௌரி சிரிக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ‘சோதனை: தெருவில் யாரையாவது நிறுத்தி, கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று கேள். பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.’ எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. அவளுக்கு வாழ்க்கையில் யாரும் கொடுக்காத மூன்று நிமிடம். நாற்காலியில் சாய்ந்து அதை முழுவதும் அனுபவித்தாள்.

தராசு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தது. மறைநிமிடத்தை நீக்கியது. வாரியம் முழுவதும் மறுப்பின்றி ஏற்ற நேரம் அன்று ஒன்றே ஒன்றுதான் என்பதால், தனபாக்கியம் சொன்ன நேரத்தையே, அதன் ஐந்து நிமிடத்தோடு சேர்த்து, பன்னிரண்டாம் பதிப்பின் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். சாசன வரம்புக்கு ஐந்து நிமிடம் உள்ளேயே. ‘குடிநேரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது’ என்று ஏழு கோடிப் பேருக்கும் அறிவிப்புப் போயிற்று. சோதனையில் பத்துக்குப் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள். குடிநேரம் மனிதர்கள் கையிலேயே நின்றது.

அடுத்த வாரம் அமிர்தகௌரி நன்றி சொல்லவும் அரைக்கிலோ அடை மாவு வாங்கவும் உறையூருக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம். பழைய அலாரம் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைமணியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

“என்னக்கா, உங்க கணக்குல அஞ்சு நிமிஷம் கூடுதலா இருக்கே. உங்க அஞ்சைத்தான் மாநிலமே எடுத்துக்கிச்சே?”

“அது கவர்மென்ட்டு அஞ்சு நிமிஷம் மேடம்,” என்றாள் தனபாக்கியம் மாவை நிறுத்துக்கொண்டே. “கடைக்குன்னு ஒரு அஞ்சு வேணாமா?”

இரண்டு மணி நேரம், சாசன வரம்பு என்று அமிர்தகௌரியின் மனம் தானாகவே கூட்டிவிட்டது. கை பையிலிருந்த பதிவுக் கருவியை நோக்கிப் போயிற்று. கண்ணில் பட்டதைப் பதியாமல் விடக் கூடாது. வரிசையில் நின்றவர்கள் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை வெளியே எடுத்து மாவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டித் தெருவில் இறங்கினாள். குடிநேர வாரியப் பொறியாளர் ஒருவர் ஒரு கடிகாரத்தைக் கண்டும் காணாமல் விட்டது அந்த முப்பத்து மூன்று வருடத்தில் அதுவே முதல் முறை.